பாலம் பயன்பாட்டில் உள்ளது

பதினான்கு மாதம் அலைந்து திரிந்து விக்னேஸ்வரி ஒரு கேள்வியைக் கோலாலம்பூர் பார்லிமெண்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாள். அன்றைய பட்டியலில் அது ஏழாவது. காலை பத்து மணிக்குக் கேள்வி நேரம் தொடங்கும், பதினொன்றரைக்கு முடிந்துவிடும். அதற்குள் முறை வராத கேள்விகளுக்கு எழுத்தில் ஒரு பதிலை அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிவிடுவார்கள் என்று கேள்வியைக் கேட்கப்போகும் எம்.பி.யின் உதவியாளர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். ஏழு என்ற எண்ணைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கேள்வி பெரிய கேள்வி ஒன்றுமில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் மேட்டு லயத்துக்குப் போகும் ஆற்றுப்பாலத்தை எப்போது கட்டித் தருவீர்கள்? இரண்டு வருடத்துக்கு முந்தைய நவம்பர் மழையில் வெள்ளம் வந்து பாலத்தின் தளத்தைப் பாதிக்குமேல் உரித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது இரண்டு இரும்பு உத்தரமும், ஓரமாக ஓர் ஆள் நடக்கிற அளவுக்குச் சிமெண்டும்தான். அந்தப் பக்கம் ரோடு, இந்தப் பக்கம் முப்பத்திரண்டு வீடுகள். தோட்டக் கம்பெனியைக் கேட்டால், ஆற்றுக்கு மேலே இருப்பது அரசாங்கப் பாலம் என்றது. அரசாங்கத்தைக் கேட்டால், இரண்டு பக்கமும் தோட்டத்து ரோடு இருக்கும்போது நடுவில் மட்டும் நாங்கள் எப்படி வருவது என்றது. பாலம் என்றால் நடுவில்தான் இருக்கும் என்பதை யாரும் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

அந்த முப்பத்திரண்டு வீட்டில் ஒன்றில்தான் விக்னேஸ்வரியின் அம்மா வேலாயி மகளோடு இருந்தாள். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கழுவிக்கொண்டு வரவேண்டியவள். கால் வீங்கி நடை நின்றுபோயிருந்தது. தேவாலயத்துக்காரர்களின் வேன் அக்கரை வரைக்கும் வரும். அதுவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஏப்ரல் மாதம் ஒருநாள் காலையில் அவளுக்கு மூச்சு முட்டியபோது ஆம்புலன்ஸ் அக்கரையில் நின்று விளக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது. இவர்கள் தூக்கிக்கொண்டு போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆனது. இன்னொரு தடவை இவ்வளவு நேரம் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். விக்னேஸ்வரி கேட்டது பாலம் இல்லை, அந்த இருபத்தைந்து நிமிடம்தான்.

கேள்வி அவளுடையதாக இருந்தாலும் அதைக் கேட்கிற வாய் அவளுடையது இல்லையே. ஓர் எதிர்க்கட்சி எம்.பி. தானா ராத்தாவுக்குக் கட்சி விருந்துக்கு வந்தபோது, கை கழுவுகிற இடத்தில் காத்திருந்து பிடித்தாள். ஈரக் கையோடு நின்று கேட்டார் மனிதர். படம் அனுப்பச் சொன்னார். அவள் நாற்பத்தொரு படம் அனுப்பினாள்.

ஆக, அந்தப் புதன்கிழமை காலை ஆயாக் கொட்டகையில் கூட்டம். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலெல்லாம் அங்கே பார்த்துக்கொள்வது விக்னேஸ்வரியின் வேலை. பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிற டிவியில் பார்லிமெண்டைப் போட்டாள். சில பிள்ளைகள் அழுதன. ஓய்வில் இருந்த பெரியவர்களும், லீவு போட்டவர்களுமாக இருபது பேர் பாயில் உட்கார்ந்தார்கள். மாமனார் செல்லையா முன்வரிசையில், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் கங்காணியாக இருந்தவர். அமைச்சர் டிவியில் வந்தாலும் அவருக்கு முன்னால் பனியனோடு உட்காரமாட்டார்.

முதல் கேள்விக்கே இருபது நிமிடம் தின்றார்கள். அமைச்சர் ஒருவர் எழுந்து, தன்னை வாழ்த்தி, தன் பிரதமரை வாழ்த்தி, கேட்டவரையும் வாழ்த்திவிட்டுப் பதிலுக்கு வந்தார். மூன்றாவது கேள்வியில் யாரோ யாரையோ ஏதோ சொல்லிவிட, வாபஸ் வாங்கு, வாங்கமாட்டேன் என்று பத்து நிமிடம் போனது. விக்னேஸ்வரிக்கு டிவிக்குள் கையை விட்டு ஆளுக்கு ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது. பதினொன்று இருபத்தொன்றுக்கு ஏழாவது எண்ணைச் சபாநாயகர் கூப்பிட்டார்.

அமைச்சர் கோப்பைத் திறந்தார். மலாயில் படித்தாலும் புரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை.

“மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, சென்ற மாதம் ஒன்பதாம் தேதி அதிகாரிகள் நேரில் சென்று ஆய்வு நடத்தினார்கள். பாலம் நல்ல நிலையில், பயன்பாட்டில் உள்ளது. வாகனங்கள் சென்று வருகின்றன. கைப்பிடிக் கம்பிகளுக்குப் புதிதாக வண்ணம் பூசப்பட்டிருக்கிறது. குடியிருப்பாளர்கள் மகிழ்ச்சியோடு அதிகாரிகளை வரவேற்று, தங்கள் தோட்டத்துத் தேநீரையும் கொடுத்து உபசரித்திருக்கிறார்கள்.”

படத்தைத் தூக்கிக் காட்டினார். வெள்ளை அடித்த கம்பி, வரிசையாகப் பலகை, மேலே தோரணம். அமைச்சர் பக்கத்து ஆட்கள் மேசையைத் தட்டினார்கள்.

கொட்டகையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். ஏனென்றால் அமைச்சர் காட்டிய படம் பொய்ப்படம் இல்லை. அந்தப் பலகையைப் போட்டது அவர்கள்தான்.

நடந்தது இதுதான். அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று முந்தின நாள் சாயங்காலம் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி செல்லையாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மேலிடத்து ஆள் வருகிறார் என்றால் இந்தத் தோட்டத்தில் என்ன செய்வார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை. வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து நடப்பதுதான். சாக்கடைக் கானைக் கூட்டவேண்டும், ரோட்டோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும், ஒழுகுகிற கூரையை அடைக்கவேண்டும், சீக்காளிகளை உள்ளே அனுப்பவேண்டும். துரை கண்ணில் ஒரு குறையும் படக்கூடாது. பட்டால் கங்காணிக்குத்தான் அவமானம். அவர்கள் பார்க்க வருவதே குறையைத்தான் என்பது செல்லையாவின் புத்திக்கு எட்டவேயில்லை. விடியும் முன்னே ஆட்களைத் திரட்டினார். பழைய பேக்டரியில் இலை வாட்டுகிற தொட்டியைப் பிரித்த பலகைகள் கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து உத்தரத்தின்மேல் அடித்தார்கள். கோயில் திருவிழாவுக்கு வாங்கி மிஞ்சிய பெயிண்டைக் கம்பிக்கு அடித்தார்கள். தோரணமும் கோயிலுடையதுதான். வடை சுட்டார்கள். அதிகாரிகள் மிகவும் சந்தோஷப்பட்டுப் போனதாக எல்லோருக்கும் பெருமை.

அன்று செவ்வாய்க்கிழமை. பலகை வந்து இறங்கும் முன்பே விக்னேஸ்வரி அம்மாவோடு தானா ராத்தாவுக்குப் போய்விட்டிருந்தாள். மத்தியானம் திரும்பி வந்து பாலத்தைப் பார்த்தபோது அவளுக்குப் பகீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மாமனாரைத் தேடினாள். ஆனால் அதற்குள் சக்கர நாற்காலி பலகையில் ஏறி, கடகடவென்று உருண்டு, யாரும் தூக்காமலேயே இக்கரைக்கு வந்துவிட்டது. வேலாயி சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள். இரண்டு வருடத்தில் முதல்தடவையாகத் தன்னை யாரும் சுமக்கவில்லை என்று சொன்னாள். விக்னேஸ்வரி வாயைத் திறக்கவில்லை. சந்தோஷப்பட்டாள். இப்போது பாயில் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சந்தோஷம்தான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாக அறுத்தது.

எம்.பி. துணைக்கேள்விக்கு எழுந்தார். விக்னேஸ்வரி அவசர அவசரமாக அவருக்கு எழுதினாள்: ‘அது நாங்க அடிச்ச பலகை. வண்டி போகாது. கேளுங்க.’ டிவியில் அவருடைய மேசைமேல் போன் வெளிச்சம் போட்டு அணைந்தது தெரிந்தது. அவர் குனியவில்லை. நாற்பத்தொரு படம் அந்தப் போனுக்குள்தான் இருந்தது. அவரோ கையை ஓங்கி, மலைவாழ் தொழிலாளர்களுக்குத் தேநீர் கொடுக்கத் தெரியும், இந்த அரசாங்கத்துக்கு என்ன கொடுக்கத் தெரியும் என்று முழங்கினார். அவர் கட்சிக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். அமைச்சர் பதிலுக்கு, எம்.பி.யின் கட்சி ஆட்சியில் கட்டாமல் விட்ட பாலங்களை அடுக்கினார். கூச்சல் எழுந்தது. பதினொன்று இருபத்தொன்பது. உறுப்பினருக்குத் திருப்தி இல்லையென்றால் அதிகாரிகளை மறுபடியும் அனுப்பி உறுதிப்படுத்திக்கொள்ளத் தயார் என்று அமைச்சர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கேள்வி நேரம் முடிந்தது.

சாயங்காலம் எம்.பி.யிடமிருந்து பதில் வந்தது. தான் பேசியதை வெட்டி எடுத்த வீடியோ, கீழே ஒரு கட்டைவிரல்.

மறுவாரம் வியாழக்கிழமை எட்டு மணிக்கு அதிகாரி வருவார் என்று ஆபீசுக்குக் கடிதம் வந்தது. விக்னேஸ்வரி முப்பத்திரண்டு வீட்டுக்கும் போனாள். யாரும் துடைப்பத்தைத் தொடக்கூடாது, வடை கிடையாது, டீ கிடையாது, பாலத்தில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்று சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியாக மாமனாரிடம் வந்தாள்.

“நான் என்ன கெட்டதாம்மா செஞ்சேன்? வர்றவங்க முன்னால நம்ம எடத்த அசிங்கமாவா வெச்சிருக்கிறது?” என்றார்.

அவளுக்குக் கோபத்தில் கண் கலங்கியது. பலகையைப் பிடுங்கிவிட்டால் உண்மை பளிச்சென்று தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். பிடுங்கினால் அம்மாவை மறுபடி அந்த ஓர் ஆள் நடக்கிற சிமெண்டின்மேல் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்பதும் தெரியும். அதற்குள் இரண்டு வாரமாக விடாத மழை. பேக்டரிப் பலகை நனைந்து நெளிந்து, நாற்காலியின் சக்கரம் சிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. மறுபடி தூக்கத் தொடங்கியிருந்தார்கள். மழை தன் கட்சி என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஏழரைக்கே வேன் அக்கரையில் வந்து நின்றது. ஓட்டுகிறவள் கிளாரிசா, தேவாலயத்துப் பெண். ஒன்பது மணிக்கு மெஷினில் இடம், தவறினால் அன்றைக்கு ரத்தம் கழுவமுடியாது என்று ஞாபகப்படுத்தினாள். அதிகாரி வந்து பார்க்கட்டும் என்று விக்னேஸ்வரி அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துப் பாலத்தின் இக்கரை முனையில் காத்திருந்தாள். எட்டு இருபதுக்கு ஃபோர்வீல் வண்டி வந்தது. வந்து, பாலத்துக்கு முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி, பலகையைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான்.

நடந்து வந்தவர் மெல்வின் ராஜநாயகம். தானா ராத்தா அரசாங்க ஆபீசில் உதவி எஞ்சினியர், முப்பது வயதுகூட இருக்காது. அப்பா பக்கத்துத் தோட்டத்துப் பேக்டரியில் வேலை பார்த்தவராம். சென்ற தடவை வந்ததும் அவர்தான். செல்லையாவைப் பார்த்ததும் கும்பிட்டார். செல்லையா ஏற்கனவே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“வண்டி வரலையா சார்?” என்றாள் விக்னேஸ்வரி.

“டிரைவர் பயப்படுறாரு அக்கா.”

“போன தடவ வண்டியெல்லாம் போச்சுன்னு மினிஸ்டர் சொன்னாரே.”

மெல்வின் தன் ஷூவைப் பார்த்தார். மோட்டார் சைக்கிள் போகிறது என்றுதான் தான் எழுதியதாகச் சொன்னார். தற்காலிகப் பலகை என்றுகூட ஒரு வரி எழுதியிருந்தாராம். மாநிலத் தலைமை ஆபீஸ் இருக்கும் குவாந்தானுக்குப் போனபோது அந்த வரி காணாமல்போனது. கோலாலம்பூருக்குப் போனபோது மோட்டார் சைக்கிள் வாகனங்களாகிவிட்டது. டீ கொடுத்தார்கள் என்ற வரி மட்டும் எங்கேயும் தொலையாமல் அமைச்சர் வாய் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப உள்ளத உள்ளபடி எழுதுங்க.”

“முடியாதுக்கா. மினிஸ்டர் சபையில சொல்லிட்டாரு. நான் மாத்தி எழுதினா, அவரு சபையில பொய் சொன்ன மாதிரி ஆயிடும் லா. என்னைய உறுதிப்படுத்திட்டு வரத்தான் அனுப்பியிருக்காங்க.”

“எத உறுதிப்படுத்த?”

“பாலம் நல்லா இருக்குன்னு.”

விக்னேஸ்வரி சிரித்தாள். அழுவதற்கு நேரமில்லை. எட்டரை ஆகியிருந்தது. வழக்கமாகத் தூக்க வருகிற பையன்கள் அன்றைக்குக் கொழுந்து ஏற்றும் லோரியோடு கீழ் மலைக்குப் போய்விட்டிருந்தார்கள். அவள் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, முன்பக்கத்தைப் பிடிக்கும்படி மெல்வினுக்குக் கண் காட்டினாள். அந்த மனிதர் ஒரு நொடிதான் தயங்கினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து தூக்கினார். செல்லையா தொப்பியை மாட்டிக்கொண்டு முன்னே நடந்து, இங்கே கால் வைக்கலாம், அங்கே வேண்டாம் என்று வழிகாட்டிக்கொண்டு போனார். கீழே ஆறு சேற்று நிறத்தில் ஓடியது. வேலாயி கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள்.

முக்கால் தூரத்தில் பலகை ஒன்று முறிந்தது. மெல்வினின் இடது கால் தொடை வரை உள்ளே போனது. நாற்காலி சாய்ந்தது. ஆனால் அவர் கையை விடவில்லை. செல்லையா பாய்ந்து நாற்காலியைத் தாங்கினார். மெல்வின் காலை மெல்ல உருவிக்கொண்டு மேலே வந்தபோது ஷூ இல்லை, முட்டியில் ரத்தம் கசிந்தது. அதே காலோடு மிச்சத் தூரத்தையும் தூக்கிக்கொண்டுதான் வந்தார். நல்ல பிள்ளைதான். அதை நினைக்க விக்னேஸ்வரிக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாக நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அக்கரையில் நாற்காலியை இறக்கியதும் வேலாயி மூச்சு வாங்கிக்கொண்டே, “பாவம் தம்பி, கால் அடிபட்டிருச்சே. யாராச்சும் அவருக்கு ஒரு டீ போட்டுக் குடுங்க” என்றாள்.

“டீ கெடையாதும்மா,” என்றாள் விக்னேஸ்வரி. “போன தடவ குடுத்த டீயத்தான் பார்லிமெண்டுல சொல்லி முடிச்சாங்க.”

கிளாரிசா வேலாயியை வேனில் ஏற்றி, பெல்ட்டை மாட்டினாள். கதவை மூடும்போது மெல்வின் ஒற்றை ஷூவோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“கண்டிப்பா எதாவது எழுதறேன்க்கா. மினிஸ்டர் சொன்னதுக்குப் பழுது வராம, உங்களுக்கும் ஒதவுற மாதிரி எதாவது.”

முறிந்த பலகையைப் பாருங்கள், உங்கள் காலைப் பாருங்கள், அதை எழுதுங்கள் என்றாள் அவள். அவர் தலையாட்டினார். அவர் கண்ணில் தெரிந்த வருத்தம் உண்மையானதுதான். பலகை முறிந்த இடத்தில் ஒரு காளைமாடு விழுகிற அளவுக்கு ஓட்டை, அதை யாராலும் மறைக்கமுடியாது என்று அவளுக்கு முதல்தடவையாகக் கொஞ்சம் தைரியம் வந்தது. மணி எட்டு நாற்பத்தைந்து. வேன் கிளம்பியது.

வளைவு ஏறும்போது பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். மாமனார் பாலத்தின் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பலகை, கையில் சுத்தியல். எங்கிருந்துதான் எடுத்தாரோ. அவரையும் குறை சொல்லமுடியாது. மத்தியானம் சம்பந்தியம்மா திரும்பி வரவேண்டும், ஓட்டை வழியாகவா வருவாள்? ஆனால் அவருக்கு நாலடி தள்ளி மெல்வின் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மினிஸ்டர் சொன்னதுக்கும் பழுது வராத, இவர்களுக்கும் உதவுகிற அந்த ஏதாவது அவருக்குக் கிடைத்துவிட்டது. விக்னேஸ்வரிக்கு அடுத்த பதில் வரி வரியாகக் காதில் கேட்டது. சீரமைப்புப் பணிகள் குடியிருப்பாளர்களின் ஒத்துழைப்போடு நடைபெற்று வருகின்றன.

“வண்டிய நிறுத்து கிளாரிசா.”

“எடம் போயிரும் அக்கா. பதினஞ்சு நிமிஷந்தான் இருக்கு.”

அம்மாவைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நிறுத்தவேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, போனை எடுத்து மாமனாருக்கு அடித்தாள். அடிக்காதீர்கள், எழுந்து தள்ளி நில்லுங்கள், ஓட்டையைப் படம் எடுக்கட்டும் என்று சொல்ல அரை நிமிடம் போதும். மணி போனது. பாலத்தில் அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பது தெரிந்தது. எடுக்கவில்லை. அதிகாரி எதிரில் நிற்கும்போது போன் பேசுகிற மரியாதைகெட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது. அவள் மறுபடி அடித்தாள். அவர் எழுந்தார். சுத்தியலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி, படத்துக்கு நேராக நின்றார்.